வீட்டுக்கு வச்ச கல்லு

கதவப் பூட்டினேனா? பூட்டினேன். சாவி இடுப்புல குத்துது, அப்ப பூட்டியாச்சு. வாடகை வீட்டுக் கதவுன்னா இந்தப் பயம் எனக்கு எப்பவும் உண்டு. அடுத்தவங்க பொருளு, ஒண்ணு ஆச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும். சரி, போகட்டும், பூட்டியாச்சு. மணி ஒம்பது அடிச்சு அஞ்சு நிமிஷம். பத்தரைக்குள்ள மேல அந்த மொட்டப்பாறைக்குப் போயிரணும். போன ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் பேசிச் சிரிச்சுக்கிட்டு ஏறினப்ப ஒரு மணி நேரம் பிடிச்சுது. இன்னிக்குத் தனியா, இந்த இடது முட்டிய வச்சுக்கிட்டு, எதுத்தாப்ல நிக்கிற மரம் தெரியாத பனிமூட்டத்துல, ஒண்ணேகால் மணி நேரம்னு வச்சுக்கோ. போயிரலாம். முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்துல மீட்டர் ரீடிங் எடுத்தவ நான். கோவில்பட்டியில இந்த ஆவுடையம்மா கால் படாத தெரு கிடையாது. அக்கினி நட்சத்திரத்துல ஒரு நாளைக்கு இருநூறு வீடு ஏறி எறங்கின காலு, இந்த மலைக்கா பயப்படும்? பயப்படத்தான் செய்யுது. பயந்தா என்ன, நட. போய்ச் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நான் அடுக்கி வச்ச அஞ்சு கல்ல அங்கருந்து எடுக்கணும். அதைப் பாத்து, இதுதான் வழின்னு நம்பி, பதினெட்டுப் பேரு பாறை விளிம்புக்குப் போயிரக் கூடாது. அவ்வளவுதான் வேலை. நட.

ஞாயித்துக்கிழமை செஞ்சத நினைச்சா எனக்கே என் மேல ஆத்திரமா வருது. என் மக கலா நாலு வருஷமா ஸ்பெயின் நாட்டுல இந்தக் கத்தலான் மலையூர்ல இருக்கா, டவுன்ல ஒரு ஆய்வுக்கூடத்துல வேலை. ரெண்டு மாசம் முன்னால என்னையும் கூட்டிக்கிட்டு வந்தா. கீழ் வீட்டு நூரியாக்கா இங்க மலையேறுற சங்கத்துல பெரிய ஆளு, என்னை விட ஆறு வயசு மூப்பு, காலு மட்டும் பதினாறு வயசுக் காலு. அவங்கதான் ஞாயித்துக்கிழமை எங்களையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. மேல ஆயிரம் வருஷத்துக் கல்கோயில் ஒண்ணு இருக்கு, போற வழியில அருவி, பழைய கல்லுப்பாலம், ஒண்ணொண்ணா காட்டிக் காட்டிச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. சொல்லட்டும். என் கண்ணு வேற எடத்துல இருந்துச்சு. வழி நெடுக அங்கங்க கல்லு மேல கல்லு அடுக்கி வச்சிருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். அட, இந்த ஊர்லயும் சொந்த வீடு வேணும்னு கல்லு அடுக்குறாங்களே! நம்ம பக்கம் எந்த மலைக்கோயிலுக்குப் போனாலும் படியோரத்துல பாக்கலாம்ல, வீடு அமையணும்னு வேண்டிக்கிட்டு மூணு கல்லு வச்சவங்க, அஞ்சு கல்லு வச்சவங்க, மாடி வீடு வேணும்னு ஏழு கல்லு வச்ச பேராசைக்காரங்க. அதே மாதிரி. பாவம், இந்தச் சனங்களுக்கும் இவ்வளவு பேருக்கு வீடு இல்லையேன்னு உச்சுக்கொட்டிக்கிட்டே நடந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. தெரிஞ்ச விஷயத்த யாராவது கேப்பாங்களா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இதோ பாலம் வந்தாச்சு. பாலத்துக்குக் கீழ தண்ணிச் சத்தம் கேக்குது, தண்ணியக் காணோம். கல்லெல்லாம் நனைஞ்சு வழுக்குது, பாத்து. கலாவோட பழைய ஷூ, ஒரு சைஸ் பெருசு, ரெண்டு காலுறை போட்டுக்கிட்டு வந்தேன். எங்க விட்டேன்? ஞாயித்துக்கிழமை. எல்லாரும் கோயில் வாசல்ல ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தப்ப நான் மட்டும் எந்திரிச்சு மெதுவா எறங்க ஆரம்பிச்சேன், எறக்கத்துல என் முட்டிக்கு நேரமாகும்ல. பத்து நிமிஷத்துல அந்த மொட்டப்பாறை வந்துச்சு. ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்குப் பாறை, புல்லு கிடையாது, தடம் கிடையாது. அதோட இடது ஓரம் அப்படியே செங்குத்தா விழுது. நம்ம ஊர்க் கோபுரத்த அஞ்சாறு எண்ணம் அடுக்கினாலும் எட்டாத ஆழம். அடியில அணை. அணைத் தண்ணிக்குள்ள ஒரு ஊரே முங்கிக் கிடக்கு, கோயில் மணிக்கூண்டு மட்டும் தலைய நீட்டிக்கிட்டு நிக்குது. அந்த அணைக்குப் பேரு ‘சாவ்’னு சொன்னாங்க. நல்லாத்தான் வச்சாங்க பேரு, நான் அத வாயால சொல்றதே இல்ல. அந்த மணிக்கூண்டையே பாத்துக்கிட்டு நின்னேன். அத்தனை வீடும் தண்ணிக்குள்ள. கதவு, அடுப்பு, படி, எல்லாம் உள்ள. வீட்ட விட்டுக் கெளம்புங்கன்னு சொன்ன அன்னிக்கு அந்தப் பொம்பளைங்க எப்படிக் கெளம்பியிருப்பாங்க? கெளம்பித்தான் இருப்பாங்க. நானும் பதினோரு தடவ வாடகை வீட்டக் காலி பண்ணிக் கெளம்பினவதானே. அப்பத்தான் தோணுச்சு, இங்கனயே வேண்டிக்குவோம்னு. விளிம்புக்கு ஆறேழு அடி தள்ளி, ஒரு குத்துச்செடிப் பக்கத்துல, நல்ல தட்டைக் கல்லா அஞ்சு பொறுக்கி அடுக்கினேன். எம்மவளுக்கு ஒரு சொந்த வீடு குடு தாயே, அவ்வளவுதான் கேட்டேன். எந்தத் தாயின்னு குறிப்பா சொல்லல. இந்த மலையில யாரு இருந்தாலும் சரி.

ஏன் வீடு வீடுன்னு சாகுறன்னு கலா கேப்பா. அவளுக்குத் தெரியாதா? தெரியும், இருந்தாலும் கேப்பா. எங்க வீட்டுக்காரரு, வீடே இல்லாத வீட்டுக்காரரு, அடுத்த தை பிறக்கட்டும் அஸ்திவாரம் போட்டுரலாம், அடுத்த தை பிறக்கட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு தை மாசம் பெரியாஸ்பத்திரியில போயிட்டாரு. உடம்ப வண்டியில ஏத்திட்டோம். வீட்டு ஓனர் வாசல்ல நின்னாரு. கத்தலை, திட்டலை, தன்மையாத்தான் சொன்னாரு. வாடகைக்கு விடுற வீடு தாயி, பிணத்த உள்ள கொண்டாந்தா அப்புறம் யாரு குடி வருவா, நீங்களே சொல்லுங்கன்னாரு. ஒம்பது வருஷம் குடியிருந்த வீட்டு வாசல்ல அஞ்சு நிமிஷம் வண்டி நின்னுச்சு, அப்படியே மயானத்துக்குப் போயிருச்சு. குளிப்பாட்டக் கூட ஒரு வீட்டு முத்தம் கிடைக்கல. முப்பத்தோரு வருஷம் ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டு வாசல்லயும் நின்னிருக்கேன், மீட்டருக்குக் கீழ தொங்குற வெள்ளை அட்டையில எழுதிட்டுத் திரும்பியிருக்கேன், எந்த வீட்டுக்கு எத்தனை யூனிட்டுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். என் புருசன எறக்கி வைக்க ஒரு வாசல் இல்ல. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பிள்ளைக்கு இது நடக்கக் கூடாதுன்னு. மூச்சு வாங்குது. நின்னுராத ஆவுடை, நின்னா முட்டி இறுகிரும்.

ஒம்பது முப்பத்தஞ்சு. ஓக்கு மரக் காடு ஆரம்பிச்சிருச்சு, இலையெல்லாம் சொட்டுது. எங்கயோ மாட்டு மணி கேக்குது. மாடு வலது பக்கமா இடது பக்கமா, தெரியல, இந்தப் பனியில சத்தத்துக்கும் திசை கிடையாது. அதத்தான் நேத்து சாயங்காலம் நூரியாக்கா சொன்னாங்க. கேக்கு செஞ்சு கையில எடுத்துக்கிட்டு மேல வந்தாங்க, நாளைக்கு அந்தக் கல்கோயில் சாமியோட நாளு, சங்கத்துப் பெரியவங்க பதினெட்டுப் பேரு போறோம், சாவி எங்கிட்டதான் இருக்குன்னு காட்டினாங்க, ஒரு சாண் நீளச் சாவி, மரக்கட்டையில கோத்தது. மலைக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்தி ஏறி, பத்து மணிக்குக் கோயில் மணி அடிச்சு, ஒரு வாய் ரொட்டி தின்னுட்டு, பத்தரைக்கு மொட்டப்பாறையத் தாண்டி நம்ம தெருவுக்கு எறங்கிருவோம்னாங்க. பனி விழுமாமே, வழி தெரியுமான்னு கலா கேட்டா. அதுக்கு அவங்க சிரிச்சுக்கிட்டு ஒரு பதில் சொன்னாங்க, கலா அத எனக்குத் தமிழ்ல சொன்னா. பனியில நாங்க கண்ண நம்ப மாட்டோம், கல்ல நம்புவோம். ஒரு அடுக்கு, அடுத்த அடுக்கு, அதுக்கு அடுத்த அடுக்கு, அதப் பாத்துக்கிட்டே போயிரலாம். மொட்டப்பாறையில முப்பது வருஷம் நடந்த எனக்கே பனியில கெழக்கு மேக்கு தெரியாது, பெயின்ட் அடையாளமெல்லாம் மழையில போயிருச்சு, கல்லு இல்லேன்னா நான் கோயில்லயே உக்காந்திருவேன். தாண்டிப் போற ஒவ்வொருத்தரும் அதுல ஒரு கல்லு வைப்போம், சரிஞ்சிருந்தா நிமித்தி வைப்போம், எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான். எங்கண்ணன் ஜாவ்மாவுக்குக் கண்ணு முக்கால்வாசி போச்சு, எழுபத்தெட்டு வயசு, அவரு கையால தொட்டுப் பாத்தே எறங்கிருவாரு. கலா இதச் சொல்லச் சொல்ல எங்கையில இருந்த கேக்கு அப்படியே இருந்துச்சு. வாய்க்குப் போகல.

அப்பவே சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன் அக்கான்னு ஒரு வரி. சொல்ல வாயத் திறந்தேன், கலா முகத்தப் பாத்தேன், மூடிக்கிட்டேன். விடிஞ்சா அவளுக்கு வீட்டுப் பத்திரத்துல கையெழுத்து. டவுன்ல நோட்டரி ஆபீசுல பதினோரு மணிக்கு. நம்ம தெருக் கடைசியில இருக்கிற கல்வீடு, ரெண்டு ரூமு, முன்னால ஒரு அத்திமரம். இதுக்கு முன்னால ரெண்டு வீடு கடைசி நேரத்துல கை நழுவிப் போச்சு. ஒருத்தன் கையெழுத்துப் போடுற மேசையில உக்காந்துக்கிட்டு மனசு மாத்தினான். இந்த வீட்டுக்காரம்மாவும் மூணு தடவ வேணாம்னு சொல்லி நாலாவது தடவ சரின்னு சொன்னது. நான் ஞாயித்துக்கிழமையே கலாகிட்ட சொல்லியிருந்தேன், அஞ்சு கல்லு வச்சிருக்கேன், கிடைச்சிரும் பாருன்னு. அவ கோயில் வாசல்ல வச்சிருப்பேன்னு நினைச்சுச் சிரிச்சா. நேத்து ராத்திரி அவகிட்ட சொல்லியிருந்தா காலையில ஆபீசுக்குப் போகாம மலைக்குத்தான் ஓடியிருப்பா. என் மக அப்படித்தான். அதனால எட்டேமுக்காலுக்கு அவ பஸ் ஏறுற வரைக்கும் பொறுத்தேன். அவ போனதும் கீழ போய் நூரியாக்கா வீட்டுக் கதவத் தட்டினேன், பூட்டியிருந்துச்சு, கார் இல்ல. போன் நம்பர் எங்கிட்ட கிடையாது. கலாவுக்குப் போட்டா அவ கெளம்பி வந்துருவா. தெருவுல வந்த ஒரு ஆளுகிட்ட கையக் காட்டி, மலையக் காட்டி, கல்லு கல்லுன்னு சொன்னேன், அந்த மனுசன் அவங்க பாசையில ‘போன் தியா’ன்னு வணக்கம் வச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் என்ன, நம்ம கோணல நாமதான் நிமித்தணும். ஷூவ மாட்டினேன். கதவப் பூட்டினேனா? பூட்டினேன்டி, வேற யோசன பண்ணு.

இதென்ன, நாயி. தோட்டத்து வீட்டு நாயி, சங்கிலி இல்லாம நிக்குது. நாய்க்குப் பயந்தவ ரீடிங் எடுத்துப் பொழைக்க முடியாது. ஓடாத, கண்ணப் பாக்காத, பக்கவாட்டுல நட, இது எந்த நாட்டு நாய்க்கும் பொருந்தும். ம், போயிருச்சு பாரு. அடுத்தது வழியில நிக்கிற வேற ஒரு கல்வீடு. வீடுன்னா உசுரோட இருக்கிறவங்களுக்கு இல்ல. ரெண்டு பக்கமும் பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, நாலாயிரம் அஞ்சாயிரம் வருஷத்துக்கு முன்னால செத்தவங்களுக்குக் கட்டினதாம். நம்ம பக்கமும் காட்டுக்குள்ள இது உண்டு, பாண்டவர் வீடும்பாங்க. அந்தக் காலத்துல செத்தவனுக்கே வீடு கட்டினாங்க, நம்ம காலத்துல... சரி விடு. அந்தக் கல்லு மேல கைய வச்சு மூச்சு வாங்கிக்கிறேன், ஒரு நிமிஷம். கல்லு சில்லுன்னு இருக்கு. கல்லு. அந்த அஞ்சு கல்லு நான் எங்கருந்து எடுத்தேன்? இந்த யோசன காலையிலருந்து எனக்குள்ள முள்ளா கிடக்கு. மொட்டப்பாறையில உதிரிக் கல்லே கிடையாது. சுத்தமா துடைச்சு விட்ட தரை. அப்ப அவ்வளவு நல்ல தட்டைக் கல்லு எங்க கிடைச்சுது? வலது பக்கமா போனேன். பாறை முடிஞ்சு காட்டு வழி ஆரம்பிக்கிற எடம். அங்க ஒரு குவியல் சரிஞ்சு கிடந்துச்சு. ஆமா. யாரோ வேண்டி அடுக்கினது சரிஞ்சு போச்சு போல, இவங்களுக்கு வீடு அமையல பாவம், கிடக்குற கல்லு நமக்காவது ஆகட்டும்னு நினைச்சுத்தானே எடுத்தேன். வாய் விட்டு வேற சொன்னேன், கோவிச்சுக்காதீங்கன்னு. ஐயோ. அதுதான் சரியான வழியோட கல்லு. ஊருக்கு எறங்குற வழியக் காட்டின கல்ல எடுத்துக்கிட்டுப் போய் சாவு விழுற எடத்துல வச்சிருக்கேன். ஒரு தப்பு இல்ல, ரெண்டு தப்பு. ஏட்டி ஆவுடை, உன்ன எதால அடிக்க? நட, வேகமா நட.

வேகமா எங்க நடக்க, ஏத்தம் இப்பத்தான் செங்குத்தா வருது. குத்துச்செடியப் பிடிச்சுப் பிடிச்சு ஏறணும். ஒம்பது அம்பத்தஞ்சு. இன்னொரு யோசனையும் ஓரமா உக்காந்து என்னப் பாத்துக்கிட்டே இருக்கு, அதையும் பேசித் தீத்துருவோம். வேண்டுதலுக்கு வச்ச கல்ல வச்சவ கையாலயே கலைக்கக் கூடாது. எங்கம்மா சொல்லி எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கலைச்சா கேட்டது கிடைக்காது, கிடைச்சதும் தங்காது. பதினோரு மணிக்குக் கையெழுத்து. பத்தரைக்கு இவங்க வருவாங்க. அரை மணி நேரம். வெறும் அரை மணி நேரம் மாத்தி வச்சிருக்கக் கூடாதா அந்தச் சாமி? கையெழுத்து ஆனப்புறம் நானே சந்தோசமா போய் கலைப்பேனே. கல்ல அப்படியே விட்டுட்டு, பாறையில நின்னு கைய ஆட்டி அவங்களத் திருப்பி விட்டா என்ன? ஆவுடை, நீ புத்திசாலிடி. ஆனா நூரியாக்கா சொன்னத நினைச்சுப் பாரு. பனியில கண்ண நம்ப மாட்டோம். எனக்கு அவங்க பாசை தெரியாது, கத்துறது எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரியாது. ஏதோ ஒரு பொம்பள பனிக்குள்ள கத்துறா, விழுந்துட்டா போலன்னு கத்துற பக்கமே ஓடி வந்தா? அதுவும் இல்லாம, இவங்க போயிட்டா சாயங்காலம் வேற யாரும் வர மாட்டாங்களா? அந்தக் கல்லு நின்னாலே பொய் சொல்லிக்கிட்டு நிக்கும். ஜாவ்மா அண்ணன் வந்து கையால தொட்டுப் பாப்பாரு. தொட்டுப் பாத்துட்டு, கல்லு சொல்லிருச்சுன்னு நம்பி, ஏழடி நடப்பாரு. எம்மவளுக்கு ஒரு வீடு வேணும்னு அந்த மனுசன் வீட்ல எழவு விழணுமா? அப்படி வர்ற வீட்ல நான் எப்படி வெளக்கு ஏத்துவேன்? மாட்டேன். வீடு போனாப் போகுது. போகட்டும்னு சொல்லும்போதே வயிறு எரியுது, எரியட்டும். எரிஞ்சுக்கிட்டே நட.

மணி. கோயில் மணி அடிக்குது. வந்துட்டாங்க. மேலருந்து வருதா, பக்கத்துலருந்து வருதா, தலைக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கு. எத்தனை தடவ அடிக்குறாங்க, பதினெட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு தடவ கயித்த இழுப்பாங்க போல. அடிங்க, நல்லா அடிங்க, அடிச்சு முடிச்சு நிதானமா ரொட்டி தின்னுங்க, அவசரமே இல்ல. எனக்கு இன்னும் கால் மணி நேரம் வேணும். செடி கையக் கிழிக்குது. காலு வழுக்குது. முட்டி போட்டே ஏறிட்டேன், எவ பாக்கப் போறா. இதோ, காட்டு வழி முடிஞ்சுது. காலுக்குக் கீழ பாறை. மணி பத்து இருபது. குனிஞ்சு பாக்கேன், ஆமா, இங்கனதான், சின்னச் சின்னக் கல்லா நாலஞ்சு சிதறிக் கிடக்கு, பெருசு எல்லாத்தையும்தான் நான் தூக்கிட்டேனே. இங்கருந்து அந்தக் குத்துச்செடி வரைக்கும் அன்னிக்கு முப்பது எட்டு வச்ச ஞாபகம். ரீடிங் எடுக்குறவளுக்கு எட்டு தப்பாது. ஆனா எந்தப் பக்கமா முப்பது? முன்னால ஒண்ணுமே இல்ல, வெள்ளை. பாறை எங்க முடியுது, காத்து எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. அருவி விழுற சத்தம் மட்டும் கீழருந்து, ரொம்பக் கீழருந்து வருது. நிக்க முடியல. நிக்காட்டி என்ன. உக்காரு. உக்காந்தே நகரு. சின்னப் பிள்ளையில மச்சுப்படி எறங்கின மாதிரி, கைய முன்னால ஊனி, தடவிப் பாத்து, இடுப்ப நகத்தி. எம்புட்டு நேரம் ஆச்சோ. நகரு. ஈரம் துணியில ஏறுது. நகரு. அங்க ஏதோ கறுப்பா. ஆளா? ஆளு இல்ல.

என் கல்லுதான். என் கல்லு இல்ல. அஞ்சு கல்லு வச்சேன், சாண் உசரம். இப்ப இடுப்பு உசரம் நிக்குது. அஞ்சே நாள்ல. போற வர்றவங்க எல்லாரும் வழியிலருந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்தாந்து வச்சிருக்காங்க. நல்ல வேளை, அன்னிக்கெல்லாம் வெயிலு, விளிம்பு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், வழக்கப்படி ஒரு கல்ல வச்சுட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. பேரு தெரியாத எத்தனையோ சனம் எம்மவ வீட்டுக்கு ஒரு கல்லு எடுத்துக் குடுத்திருக்கு. மாடி மேல மாடி. எனக்கு அழுகை வந்துருச்சு, அழுதேன், பாறை விளிம்புல உக்காந்து மூக்கச் சிந்தி அழுதேன். அழுதுக்கிட்டே மேல் கல்ல எடுத்தேன். அடுத்தது. அடுத்தது. கை பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருக்கு. மன்னிச்சுக்கோங்க, நீங்க நல்ல மனசோடதான் வச்சீங்க. கடைசியில அடியில கிடந்துச்சு என் அஞ்சும். அப்பத்தான் ஒண்ணு உறைச்சுது. நான் ஏன் இத வீட்ட இடிக்கிறதுன்னு நினைச்சு அழறேன்? இது வீடு மாத்துறது. வீடு மாத்துறது எனக்கென்ன புதுசா? பதினோரு தடவ அடுப்புலருந்து சாமி படம் வரைக்கும் கட்டித் தூக்கிக்கிட்டுப் போனவ. துப்பட்டாவ விரிச்சேன், அஞ்சையும் வச்சு முடிச்சுப் போட்டேன், கழுத்துல மாட்டிக்கிட்டு வந்த வழியே இடுப்ப நகத்தினேன். மிச்சக் கல்லு அங்கன சிதறிக் கிடக்கட்டும், சிதறிக் கிடக்குற கல்லு யாரையும் கூப்பிடாது. தூரத்துல பேச்சுச் சத்தம். சிரிக்குறாங்க. வர்றாங்க. குச்சி பாறையில தட்டுற சத்தம். செடியில்லாத பாறை, காட்டு வழி வாய், சிதறின சின்னக் கல்லு, இங்கனதான். பெருச அடியில வையி. அசையுது. திருப்பி வையி. அதுக்கு மேல ரெண்டாவது. நிதானம், புது வீட்ல பாலு காய்ச்சுற நாள்ல பதறலாமா. மூணு. நாலு. அஞ்சு. கிடந்த சின்னக் கல்லையும் பொறுக்கி மேல வச்சேன். எந்திரிச்சு நின்னேன். நின்னுட்டேன்.

பனிக்குள்ளருந்து முதல்ல வந்தது நூரியாக்கா, கழுத்துல அந்த ஒரு சாண் சாவி. என்னப் பாத்து அப்படியே நின்னுட்டாங்க. சேறும் ரத்தக் கீறலுமா எங்கை, நனைஞ்ச துணி, காலடியில புதுசா நிக்கிற கல்லு. ஏதோ கேட்டாங்க. நான் விளிம்புப் பக்கம் கையக் காட்டினேன்.

“நான்தான் அக்கா அங்க கொண்டு போய் வச்சேன். தெரியாம வச்சுட்டேன். திரும்பக் கொண்டாந்துட்டேன்.”

தமிழ்ல சொன்னா அவங்களுக்கு என்ன புரியும், ஆனா சொல்லணும்ல. அவங்க குச்சியத் தட்டித் தட்டி அந்தப் பக்கம் பனிக்குள்ள போனாங்க, சிதறிக் கிடந்த கல்லையும் அதுக்கு அப்பால இருந்த வெள்ளையையும் பாத்திருப்பாங்க. திரும்பி வந்தப்ப முகம் வெளுத்திருந்துச்சு. திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டல. அங்கருந்து எடுத்துக்கிட்டு வந்த ஒரு கல்ல என் அடுக்கு மேல வச்சாங்க, எங்கையப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாங்க, பின்னால வர்றவங்களுக்குக் குரல் குடுத்துட்டு வலது பக்கம் எறங்கினாங்க. நான் இடது பக்கத்த மறிச்சு நின்னுக்கிட்டேன். ஒண்ணு. ரெண்டு. ஒவ்வொருத்தரா பனியிலருந்து வர்றாங்க, கல்லப் பாக்குறாங்க, போன் தியாங்குறாங்க, எறங்குறாங்க. பதினொண்ணு, பன்னெண்டு. இடுப்புல போன் அடிக்குது. கலாதான், வேற யாரு எனக்கு. அடிக்கட்டும். பதினஞ்சு. அடிச்சு ஓஞ்சு திரும்பவும் அடிக்குது. பதினாறு, பதினேழு. கடைசியில குச்சியத் தட்டிக்கிட்டு ஜாவ்மா அண்ணன். எம்பக்கம் திரும்பவே இல்ல, நான் நிக்கிறது அவருக்குத் தெரியாது. கைய நீட்டினாரு, கல்லத் தொட்டாரு, மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ தடவினாரு, வலது பக்கம் திரும்பினாரு. பதினெட்டு. போன எடுத்தேன்.

“எங்கம்மா போன? எத்தனை தடவ அடிக்கேன். இன்னும் உள்ள கூப்பிடல. அந்த வீட்டுக்காரம்மா எதுத்தாப்ல உக்காந்திருக்கு, முகத்தப் பாத்தா ஒண்ணும் பிடிபடல. எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வச்ச கல்லு நிக்குதா?”

“நிக்குதுட்டி. இப்பத்தான் சரியான எடத்துல நிக்குது. நீ உள்ள போ.”